பிஎச் டொமைனா, ஃப்ரெட்டா, ஒளிரும் லிப்பிடா: உயிருள்ள செல்லுக்குள் பார்க்க எதை எடுப்பது?

போன மாதம் சிங்கப்பூரில் கெண்ட் ரிட்ஜ் பக்கம் ஒரு பல்கலைக்கழகக் கேன்டீனில், தே ஓ கோசோங்கை (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆறவிட்டுக்கொண்டு ஒரு தம்பி எதிரே உட்கார்ந்திருந்தார். திருச்சிக்காரர், முனைவர் பட்ட ஆய்வில் முதலாண்டு. "அக்கா, உயிருள்ள செல்லுல பிஐபி2ங்கிற லிப்பிடைப் பார்க்கணும். சார் பிஎச் டொமைன் போதும்ங்கிறார். லேப்ல இன்னொருத்தர் ஃப்ரெட் இல்லாம பேப்பரே போகாதுங்கிறார். நெட்ல பார்த்தா ஒளிரும் லிப்பிடே குப்பியில விக்கிறாங்க. எதை எடுக்கட்டும்?"

இந்த வருடம் இதே கேள்வி எனக்கு மூன்றாவது முறை. வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்ப்போம். ஒரு புரதத்தைப் பின்தொடர வேண்டுமென்றால் அதன் மரபணுவோடு, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதத்தின் மரபணுவைச் சேர்த்துத் தைத்துவிடலாம். லிப்பிட் என்பது சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறு, அதற்கு மரபணு கிடையாது. நொதிகள் அதைச் செய்கின்றன, நொதிகளே அழிக்கின்றன. செல்லின் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிடுகளில் பிஐபி2 ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். ஒரு ஹார்மோன் வந்து ஏற்பியைத் தொட்டதும் ஃபாஸ்ஃபோலைபேஸ் சி (சுருக்கமாகப் பிஎல்சி) என்ற நொதி அதை ஐபி3, டிஏஜி என்று இரண்டாக வெட்டுகிறது. ஐபி3 கரைந்து உள்ளே போய்க் கால்சியத்தைத் திறந்துவிடும், டிஏஜி சவ்விலேயே தங்கும். இன்னொரு பக்கம் பிஐ3-கைனேஸ் என்ற நொதி அதே பிஐபி2வின் தலையில் மேலும் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிப் பிஐபி3 ஆக்கும். எல்லாம் சில விநாடி, சில நிமிடக் கணக்கு. செல்லை நிலைப்படுத்திச் சாயம் ஏற்றிப் பார்த்தால் கூத்து முடிந்த மேடைதான் தெரியும்.

ஆகவே சுற்றுவழிதான். அந்த லிப்பிடைப் பிடிக்கும் ஒரு புரதத்துக்கு விளக்கு மாட்டலாம் (பிஎச் டொமைன் இந்த வழி). பிடித்ததும் நிறம் மாறுகிற மாதிரி அந்தப் புரதத்தை வடிவமைக்கலாம் (ஃப்ரெட் இந்த வழி). இல்லாவிட்டால் லிப்பிடுக்கே சாயம் ஒட்டலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

பளிச்சென்று இருப்பதைக் கடைசியில் பாருங்கள். நான் கேட்கச் சொல்வது ஐந்து கேள்விகள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது எங்கே என்பதா, எவ்வளவு என்பதா, எவ்வளவு வேகத்தில் என்பதா? ஒரே உணரி மூன்றுக்கும் நேர்மையான பதில் தராது. அடுத்து, உணரி நீங்கள் நினைக்கும் லிப்பிடை மட்டுமா பிடிக்கிறது? மூன்றாவது, செல்லின் வேலையை உணரியே எவ்வளவு கெடுக்கிறது? ஒரு பிஐபி2வை உங்கள் உணரி பிடித்துக்கொண்டிருக்கும்வரை வேறு எந்தப் புரதமும் அதைப் பிடிக்க முடியாது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான்காவது, உங்களுக்குக் கிடைக்கும் நுண்ணோக்கி எது, வாரத்தில் எத்தனை மணி நேரம்? ஐந்தாவது, ஒப்பீட்டுச் சோதனைகளுக்கும் அனுமதித் தாள்களுக்கும் ஆகும் காலம். உதவித்தொகை நான்கு வருடம் என்றால் முதல் வருடம் இதிலேயே கரையலாம்.

## இடம்பெயரும் உணரி

1998இல் தமாஸ் பல்லாவின் குழுவும் டோபியாஸ் மெயரின் குழுவும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தன. ஃபாஸ்ஃபோலைபேஸ் சி டெல்டா1 என்ற நொதியில் பிஐபி2வைப் பிடிக்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது, அதுதான் பிஎச் டொமைன். அதை மட்டும் வெட்டி எடுத்து ஜிஎஃப்பியோடு ஒட்டினார்கள். இன்றைக்கும் முக்கால்வாசிப் பேர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

செல்லின் ஒரே ஒரு தளத்தை மட்டும் காட்டும் லேசர் நுண்ணோக்கியான கான்ஃபோகலில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். செல்லின் நடுவே ஒரு வெட்டுத் தளம். விளிம்பைச் சுற்றிப் பச்சையாக மெல்லிய வளையல் ஒன்று. உள்ளே கிட்டத்தட்ட இருட்டு. ஏற்பியைத் தூண்டும் கார்பகால் என்ற மருந்தைச் சொட்டு விடுகிறீர்கள். சில விநாடிகளில் வளையல் மங்கிக் கரைகிறது, உள்ளே பச்சைப் புகை நிறைகிறது. மருந்தைக் கழுவிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் புகை அடங்கி வளையல் திரும்புகிறது. முதல் முறை பார்த்தபோது நான் அடுத்த ஆளின் முன்பதிவு நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டேன்.

குடும்பம் பெரியது, ஒவ்வொரு லிப்பிடுக்கும் ஒரு டொமைன். பிஐபி3க்கு ஜிஆர்பி1 என்ற புரதத்தின் பிஎச் டொமைன். ஏகேடி என்ற நொதியின் பிஎச் டொமைனும் பிடிக்கும், ஆனால் அது பிஐ(3,4)பி2 என்ற வேறொரு லிப்பிடையும் விடாது. டிஏஜிக்குப் புரத கைனேஸ் சியின் சி1 டொமைன். எண்டோசோம் என்ற உட்பைகளில் இருக்கும் பிஐ3பிக்கு ஃபைவ் டொமைனை இரட்டையாகக் கோத்தது. ஃபாஸ்ஃபாட்டிடைல்செரினுக்கு லாக்டாட்ஹெரினின் சி2. பிஐ4பியின் கதை தனி. முன்பு பயன்பட்ட எஃப்ஏபிபி1, ஓஎஸ்பிபி டொமைன்களுக்கு லிப்பிட் மட்டும் போதாது, ஆர்ஃப்1 புரதமும் வேண்டும். அதனால் அந்தப் புரதம் இருக்கும் கோல்கி என்ற உள்ளுறுப்பே பளிச்சென்று தெரிந்தது, பிஐ4பி என்றாலே கோல்கி என்ற எண்ணமும் வேரூன்றியது. 2014இல் லெஜியோனெல்லா கிருமியின் புரதத்திலிருந்து எடுத்த பி4எம் என்ற உணரி வந்த பிறகுதான் பிஐ4பி வெளிச்சவ்விலும் எண்டோசோம்களிலும் இருப்பது உயிருள்ள செல்லில் தெளிவாகத் தெரிந்தது. உணரி எதைச் சார்ந்து நிற்கிறது என்று தெரியாமல் படத்தை நம்பினால் இதுதான் நடக்கும்.

நம்ம ஊரிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யசுனோரி சாஹேகியின் குழு, ஜிஆர்ஏஎம்டி1பி புரதத்தின் கிராம் டொமைன் கொலஸ்ட்ராலையும் ஃபாஸ்ஃபாட்டிடைல்செரின் போன்ற எதிர்மின் லிப்பிடுகளையும் சேர்த்தே உணர்கிறது என்று காட்டியது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் டொமைனை வைத்து ஒன்றை மட்டும் அளந்தேன் என்று எழுத முடியாது.

இனி கண்ணுக்குத் தெரியாத செலவுகள்.

பெரிய குழி ஐபி3. பிஎல்சி டெல்டா1இன் பிஎச் டொமைன் பிஐபி2வை ஏறக்குறைய 1.7 மைக்ரோமோலார் பிடிப்பில் வைத்திருக்கிறது, ஐபி3யை 0.2 மைக்ரோமோலாரில். சிறிய எண்தான் இறுக்கமான பிடி. ஆக, வளையல் மங்கியதற்குப் பிஐபி2 தீர்ந்தது காரணமா, புதிதாகப் பிறந்த ஐபி3 உணரியைச் சவ்விலிருந்து பிடுங்கிப் போனது காரணமா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஜப்பானில் 1999இல் இதே உணரியை ஐபி3 அளக்கவே பயன்படுத்தினார்கள் என்றால் பாருங்கள். பிஐபி2வைப் பிடிக்கும், ஆனால் ஐபி3க்கு அவ்வளவாக மயங்காத டப்பி என்ற புரதத்தின் டொமைனையும் பக்கத்தில் ஓடவிடுங்கள். ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்து, பிஐபி2வின் ஒரு பாஸ்பேட்டை நீக்கும் 5-ஃபாஸ்ஃபட்டேஸ் நொதியைச் சவ்வுக்கு இழுக்கும் முறையும் 2006 முதல் இருக்கிறது. அதில் ஐபி3 பிறக்காமலே பிஐபி2 குறையும்.

அடுத்தது அளவு. தட்டில் கண்ணைப் பறிக்கிற செல்லைத்தான் எல்லோரும் முதலில் படமெடுப்பார்கள். அதுதான் மிக நோயாளிச் செல். உணரி அவ்வளவு நிறைந்திருந்தால் சவ்விலிருக்கும் பிஐபி2வில் பெரும்பகுதி அதன் பிடியில் இருக்கும், சமிக்ஞையே அடங்கிப்போகும். லேசர் போட்டால் மட்டும் தெரிகிற மங்கல் செல்லைத் தேடுங்கள். அதைப் பார்க்க நல்ல கேமரா வேண்டும், அதுவும் ஒரு செலவு.

மூன்றாவது என் சொந்தக் கதை. நான் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லில் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து ஏகேடி-பிஎச் படம் எடுத்தேன். செல்லின் முன்விளிம்பு ஜொலித்தது. பிஐபி3 அங்கே குவிகிறது என்று குழுக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு கேள்வி: "அந்த இடத்தில் சவ்வு மடிந்திருக்கிறதா?" மடிந்த சவ்வு இரட்டைச் சவ்வு, லிப்பிட் கூடாமலே இரண்டு மடங்கு ஒளிரும். லிப்பிடைச் சாராத சிவப்புச் சவ்வுக் குறியை உடன் ஏற்றிப் பார்த்தேன். பாதிப் படங்களில் சிவப்பும் அதே அளவு ஜொலித்தது. பச்சையைச் சிவப்பால் வகுத்தால் ஒன்றுமில்லை. நாலு மாத வேலையில் பாதி குப்பைக்குப் போனது.

லிப்பிடைப் பிடிக்க முடியாதபடி ஓர் அமினோ அமிலம் மாற்றிய பிறழ்வு உணரிகளையும் சேர்த்து வாங்குங்கள்: பிஎல்சி டெல்டா1க்கு ஆர்40எல், ஏகேடிக்கு ஆர்25சி. அவையும் சவ்வில் உட்கார்ந்தால் நீங்கள் பார்ப்பது லிப்பிட் அல்ல.

இவ்வளவு சொன்னாலும் "எங்கே, எப்போது" என்ற கேள்விக்கு இதைவிட எளிதாக ஒன்று இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்தின் மெக்கானோபயாலஜி இன்ஸ்டிட்யூட்டில் மின் வூவின் குழு, மாஸ்ட் செல்களின் அடிச்சவ்வில் ஃபாஸ்ஃபோஇனோசிட்டைடுகள் (பிஐபி2, பிஐபி3 அடங்கிய லிப்பிட் குடும்பம்) சில பத்து விநாடிகளுக்கு ஒருமுறை அலையலையாக எழுந்து ஓடுவதை 2016இல் காட்டியது இந்த வகை உணரிகளை வைத்துத்தான். அதற்கு அவர்கள் டர்ஃப் நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார்கள். கண்ணாடியிலிருந்து 100, 200 நானோமீட்டர் உயரம் மட்டும் ஒளிரும் என்பதால் உள்ளே இருக்கும் புகை குறுக்கே வராது.

## ஃப்ரெட் உணரி

இரண்டு நிறப் புரதங்கள் 10 நானோமீட்டருக்குள் நெருங்கினால் ஒன்றன் ஆற்றல் மற்றொன்றுக்குத் தாவும். சயான் மங்கும், மஞ்சள் கூடும். இந்த விகிதத்தைத்தான் அளக்கிறீர்கள்.

இதில் இரண்டு ரகம். ஒன்று, பிஎச்-சயான், பிஎச்-மஞ்சள் என்று இரண்டையும் ஏற்றுவது. இரண்டும் சவ்வில் நெருக்கியடிக்கும்போது ஃப்ரெட் இருக்கும், பிஐபி2 வெட்டுப்பட்டு அவை கலைந்தால் விழும். மற்றது ஒரே சங்கிலி. 2003இல் உமேசாவாவின் குழு செய்த ஃபிளிப் இந்த ரகம்: உணரி முன்கூட்டியே சவ்வில் நங்கூரமிட்டிருக்கும், நடுவில் பிஎச் டொமைன், பிஐபி3 கிடைத்ததும் கீல் மடங்கி இரண்டு நிறமும் நெருங்கும். நங்கூரத்தை மாற்றினால் வேறு சவ்வில் அளக்கலாம். வெளிச்சவ்வில் மட்டுமல்ல, உட்சவ்வுகளிலும் பிஐபி3 கூடுகிறது என்று அவர்கள் காட்டியது அப்படித்தான்.

ஆதாயம் இதுதான்: செல் தட்டையோ உருண்டையோ, சவ்வையும் உள்பகுதியையும் கண்ணால் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. செல் நகர்ந்தாலும், சவ்வு மடிந்தாலும், ஒரே சங்கிலி உணரியில் விகிதம் பெரும்பாலும் தப்பிக்கும். எனக்கு நேர்ந்த கதை அங்கே நேர்ந்திருக்காது. சாதாரண வைட்ஃபீல்டு நுண்ணோக்கியிலேயே வேகமாக எடுக்கலாம்.

ஆனால் விகித மாற்றம் பல சமயம் 10, 20 சதவீதத்தைத் தாண்டாது. சயானின் ஒளி மஞ்சள் வடிகட்டிக்குள் கசியும், மஞ்சளையும் சயானின் லேசரே கொஞ்சம் எழுப்பிவிடும். இரண்டு மூலக்கூறு ரகத்தில் இவற்றுக்கெல்லாம் திருத்தக் கணக்கு போட வேண்டும். மஞ்சள் புரதங்களில் சில அமிலத்தன்மை மாறினாலே மங்கும், அப்போது நீங்கள் அளப்பது பிஎச் டொமைனை அல்ல, அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் எண்ணை. (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்ல.) இரண்டு நிறங்களை இதுவே விழுங்கிவிடுவதால் கால்சியச் சாயத்தையோ சவ்வுக் குறியையோ கூட வைக்க இடம் சுருங்கும். ஐபி3 சிக்கலும் தீரவில்லை. உள்ளே இருப்பது அதே டொமைன்தானே.

ஃப்ரெட் இருந்தால்தான் பேப்பர் போகும் என்பது வெறும் பேச்சு. இடம்பெயர்வைக் கண்ணால் காண முடியாத நிலையில் எடுங்கள்: மிகத் தட்டையான செல், டர்ஃப் கிடைக்கவில்லை, அல்லது ஒரு குறிப்பிட்ட உட்சவ்வில் மட்டும் அளக்க வேண்டும்.

தட்டுத் தட்டாக மருந்துகளைச் சோதிப்பவர்களுக்கு இதன் தம்பி ப்ரெட் இருக்கிறது. லூசிஃபெரேஸ் தானே ஒளி தருவதால் லேசர் வேண்டாம், பிளேட் ரீடர் போதும். தனிச் செல் தெரியாது, கூட்டத்தின் சராசரி தெரியும். ஒளி கூடியோ குறைந்தோ டிஏஜியைச் சொல்லும் ஒற்றைநிற உணரிகளும் அதே வேலைக்கு உதவும்.

## சாயம் ஒட்டிய புரதம்

சிகாகோவில் வொன்ஹ்வா சோவின் குழு 2011இல் காட்டிய வழி. பிஐபி2வைப் பிடிக்கும் என்த் டொமைனைப் பாக்டீரியாவில் செய்து, சுத்திகரித்து, சுற்றுப்புறம் எண்ணெயா நீரா என்பதைப் பொறுத்து நிறம் மாறும் சாயத்தை ஒட்டி, செல்லுக்குள் ஊசியால் செலுத்துவது. சவ்வில் உட்கார்ந்ததும் நிறம் மாறும், இரண்டு நிறங்களின் விகிதத்திலிருந்து பிஐபி2வின் செறிவையே கணக்கிடலாம். "எவ்வளவு" என்ற கேள்விக்கு நுண்ணோக்கியில் கிடைக்கும் ஆக நேர்மையான பதில் இதுதான் என்பது என் கருத்து. புரதம் சுத்திகரிக்கத் தெரிந்த கை, நுண்ணூசி, அளவுகோல் போட உதவும் செயற்கைச் சவ்வுகள், அப்புறம் பொறுமை எல்லாம் வேண்டும். தனி ஆளாக முதலாண்டில் இதில் இறங்காதீர்கள்.

## ஒளிரும் லிப்பிட்

என்பிடி, போடிபி என்ற சாயங்கள் ஒட்டி, குப்பியில் விற்கும் லிப்பிடுகள். செல்லுக்கு மேல் ஊற்றினால் போதும், உணரியின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் இல்லை, ஒரு நாள் காத்திருப்பு இல்லை. கவர்ச்சி புரிகிறது.

ஆனால் கேள்வியே மாறிவிடுகிறது. ஞாயிறு மாலை தேக்காவில் (இங்குள்ள லிட்டில் இந்தியா) எவ்வளவு கூட்டம் என்று தெரிய வேண்டும். அதற்கு நீங்களே ஓர் ஆளை முதுகில் பெரிய மூட்டையோடு அனுப்பி, அவர் எந்தத் தெருவில் போகிறார் என்று பார்க்கிறீர்கள். அவர் வழி தெரியும், கூட்டம் தெரியாது. மூட்டை என்று சொன்னது சும்மா இல்லை. லிப்பிடின் கொழுப்பு வாலோடு ஒப்பிட்டால் சாயம் சின்னதல்ல. வாலில் ஒட்டிய என்பிடி சவ்வின் உள்ளே அமைதியாக இருக்காமல் வளைந்து மேற்பரப்புக்கே வந்து நிற்கும். போதாததற்குச் செல் அந்த லிப்பிடை வெட்டி வேறொன்றாக்கும், சாயம் மட்டும் தொடர்ந்து ஒளிரும். அரை மணி கழித்து ஒளிர்வது நீங்கள் ஊற்றிய லிப்பிட்தானா? பிரித்தெடுத்து மென்படலப் பிரிகையில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிஐபி2 மாதிரி மின்சுமை நிறைந்தவை தாமாக உள்ளே போகவும் போகாது, ஹிஸ்டோன் போன்ற சுமைதூக்கி வேண்டும். அந்தச் சுமைதூக்கிக்கும் தனி ஒப்பீட்டுச் சோதனை.

ஸ்ஃபிங்கோலிப்பிட், கொலஸ்ட்ரால் இவற்றின் போக்குவரத்து உங்கள் கேள்வியென்றால் நிலைமை வேறு. அங்கே நல்ல உணரி டொமைன்கள் குறைவு, ஒளிரும் லிப்பிடுக்கு நியாயம் உண்டு. சாயத்துக்குப் பதில் சிறு அல்கைன் வால் வைத்து, ஒளியால் பக்கத்துப் புரதத்தோடு பிணைத்து, பிறகு சாயம் ஏற்றும் புதிய ரகங்களும் வந்திருக்கின்றன. கடைசிப் படம் மட்டும் உயிரற்ற செல்லில்தான்.

## ஒரே பார்வையில்

| | இடம்பெயரும் உணரி | ஃப்ரெட் | சாயம் ஒட்டிய புரதம் | ஒளிரும் லிப்பிட் |
|---|---|---|---|---|
| நன்றாகச் சொல்வது | எங்கே, எப்போது | எப்போது, கூடியதா குறைந்ததா | எவ்வளவு | கொடுத்த லிப்பிட் எங்கே போனது |
| முதல் சந்தேகம் | ஐபி3, மடிந்த சவ்வு | ஒளிக் கசிவு, சிறு மாற்றம் | ஊசிக் காயம், அளவுகோல் | செல் அதை மாற்றிவிட்டதா |
| கருவி | கான்ஃபோகல் அல்லது டர்ஃப் | வைட்ஃபீல்டு போதும் | இருநிற அளவீடு, நுண்ணூசி | எதுவானாலும் |
| முதல் நம்பகமான படம் | வாரக் கணக்கு | மாதக் கணக்கு | அதற்கும் மேல் | மறுநாளே, நம்பகம் பிறகு |

எதிலும் சேராத ஒரு பதிலும் உண்டு. மேலே சொன்ன உணரிகள் எல்லாம் லிப்பிடின் தலையை மட்டும் பார்க்கின்றன. வால் எது, 18:0/20:4ஆ (கார்பன் எண்ணிக்கை, இரட்டைப் பிணைப்பு எண்ணிக்கை) வேறா, என்பது அவற்றுக்குத் தெரியாது. உங்கள் கேள்வி வாலைப் பற்றியதென்றால், அல்லது மொத்தச் செல்லில் எத்தனை பிக்கோமோல் என்பதென்றால், நுண்ணோக்கியை விட்டுவிட்டு நிறை நிறமாலைக்காரர்களிடம் போங்கள். தேசியப் பல்கலைக்கழகத்திலேயே சிங்கப்பூர் லிப்பிடோமிக்ஸ் இன்குபேட்டர் இருக்கிறது. கெண்ட் ரிட்ஜிலிருந்து நடக்கும் தூரம், செல்லைக் கொன்றுதான் தர வேண்டும் என்பது மட்டும் விலை.

## இங்கே கூடுதலாக ஆகும் செலவு

பிளாஸ்மிட்டைத் தற்காலிகமாக ஏற்றுவதென்றால் அனுமதி வேலை எளிது. உணரியை நிரந்தரமாக ஏந்தும் செல் வேண்டும் என்று, மரபணுவைச் செல்லுக்குள் பதிக்கும் லென்டிவைரஸுக்குப் போனால் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு, பாதுகாப்பு நிலை இரண்டு அறை, பயிற்சி எல்லாம் சேரும். அந்த விண்ணப்பத்தை முதல் மாதமே போடுங்கள். பிளாஸ்மிட் வந்த பிறகு போட்டால் அது உறைபெட்டியில் உட்கார்ந்திருக்கும்.

நுண்ணோக்கி மணிக்கணக்கில்தான் கிடைக்கும். வெளியே 32 டிகிரி, அறைக்குள் சால்வை போர்த்தும் குளிர், மேடையில் மட்டும் 37. சூடு நிலைக்கும்வரை குவியம் நழுவிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி முன்பதிவில் முதல் அரை மணி இதற்கே போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரவு நேரம் காலியாக இருக்கும், ஆனால் கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபீனால் ரெட் உள்ள ஊடகத்தை மாற்றாமல் வந்து, பின்னணி ஏன் இப்படி ஒளிர்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கு அழைக்காதீர்கள்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வேண்டியது, கார்பகாலுக்குப் பதில் தரும் மஸ்கரினிக் ஏற்பி ஏற்றிய ஹெக் செல்லில் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனிதச் செல் வகை) பிஐபி2 எப்போது விழுகிறது, எப்போது திரும்புகிறது என்பது. கான்ஃபோகல் கையில் இருக்கிறது. பிஎல்சி டெல்டா1 பிஎச், அதன் ஆர்40எல் பிறழ்வு, டப்பி மூன்றையும் வரவழைக்கச் சொன்னேன். சிவப்புச் சவ்வுக் குறியை என் உறைபெட்டியிலிருந்தே கொடுத்தேன்.

"அப்ப ஃப்ரெட் வேண்டாமாக்கா?"

"டப்பியும் பிஎச்சும் ஒரே கதை சொன்னா வேண்டாம். வேற வேற கதை சொன்னா மறுபடி தே வாங்கிக் குடு, பேசலாம்."

போன வாரம் முதல் படம் அனுப்பினார். வளையல் தெரிகிறது. செல் மட்டும் அளவுக்கு மீறிப் பளபளக்கிறது, பிளாஸ்மிட்டைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.